எண்ணெய்ப் பனையில் கலப்பு வித்தும் அதன் குணபேதங்களும்

நல்ல விளைவு கண்ட வயலில் முற்றிய கதிர்களைத் தெரிந்தெடுத்து, உலர்த்தி, அடுத்த பட்டத்திற்கு விதையாக வைத்துக்கொள்வது தமிழ்நாட்டுக் குடியானவர்களின் பழைய வழக்கம். நெல், கேழ்வரகு, சோளம் முதலிய தானியங்களில் இவ்வழக்கம் பெரும்பாலும் பழுதின்றிப் பலித்து வந்திருக்கிறது. எண்ணெய்ப் பனையின் விஷயத்திலோ அதே வழக்கம் பெருநஷ்டத்தை விளைவிக்கும். தோட்டத்திலேயே மிகச் சிறந்த மரத்தின் அடியில் உதிர்ந்து முளைத்த கன்றுகளை ஒருவர் எடுத்து நடுவாராயின், அவற்றில் நாலில் ஒரு பங்கு ஏறக்குறைய முற்றிலும் பயனற்றதாகவும், மற்றும் ஒரு பங்கு எண்ணெய் குறைந்ததாகவும் இருக்கக் காண்பார். அதையும் உடனே காணமாட்டார். மூன்று நான்கு வருஷங்கள் எருவும் தண்ணீரும் செலவிட்ட பின்னரே காண்பார். மரமோ 25 வருஷம் வரை நிலத்தில் நின்று பலன் தரவேண்டியது. ஆகையால் இம்மரத்தின் வித்து எவ்வாறு உண்டாக்கப்படுகிறது, ஒரே வகையென்று விற்கப்படும் கன்றுகளுக்குள் பேதங்கள் எங்ஙனம் தோன்றுகின்றன என்பவற்றை, இப்பயிரை எண்ணியிருக்கும் சங்க அங்கத்தினர் ஒவ்வொருவரும் அறிந்திருத்தல் அவசியம்.

எண்ணெய்ப் பனையின் தாயகம் மேற்கு ஆப்பிரிக்காவும் மத்திய ஆப்பிரிக்காவுமாம். மலேயாவில் குடியேறிய தமிழர் இதனைச் செம்பனை என்று வழங்குவர். தோற்றத்தில் தென்னையை ஒருவாறு ஒத்த இம்மரம், மட்டைகளின் கக்கத்தில் நெருக்கமான குலைகளை ஈனும். ஒரு குலையில் நூற்றுக்கணக்கான பழங்கள் இருக்கும். ஆயிரத்திற்கு மேற்பட்டிருப்பதும் உண்டு. பழத்தின் மேற்சதையிலிருந்து சிவந்த பாமாயிலும், உள்ளிருக்கும் பருப்பிலிருந்து தேங்காயெண்ணெயைப் போன்ற வேறோர் எண்ணெயும் கிடைக்கின்றன. சதைக்கும் பருப்புக்கும் இடையே கடினமான ஓடு ஒன்று உளது. ஓட்டில் எண்ணெய் இல்லை. ஆலைக் கொதிகலனுக்கு விறகாவதே அதன் முக்கியப் பயன். ஓடு தடித்திருந்தால் அந்த அளவுக்குச் சதை குறையும். எண்ணெய்ப் பனையைப் பற்றிய ஆராய்ச்சியின் பெரும்பகுதி இந்த ஓட்டைச் சுற்றியே நடந்தது என்று சொன்னால் மிகையாகாது.

மற்றொரு விஷயமும் முதலில் அறியத்தக்கது. ஊர்ப் பனையில் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. எண்ணெய்ப் பனையிலோ ஒரே மரம் சில மாதங்கள் ஆண் பாளைகளையும், சில மாதங்கள் பெண் பாளைகளையும் மாறி மாறி விடும். ஒரு மரத்தில் பெண் பாளை விரியும் சமயத்தில் அதே மரத்தில் ஆண் பாளை விரிந்திருப்பது அபூர்வம். ஆதலால் பெண் பூக்களுக்கு வேண்டிய மகரந்தம் பெரும்பாலும் அயல் மரத்திலிருந்தே வருகிறது. குலையைக் கண்டு அதன் தாய் இன்னதென்று சொல்லலாம். தகப்பன் இன்னதென்று சொல்ல முடியாது.

மூவகை மரங்கள்

ஓட்டைக் கொண்டு இம்மரங்கள் மூவகையாகப் பிரிக்கப்படுகின்றன. தடித்த ஓடுடையது டூரா. மெல்லிய ஓடுடையது டெனெரா. ஓடே இல்லாதது பிசிபெரா. டூராவின் ஓடு 2 முதல் 8 மில்லிமீட்டர் வரையும், டெனெராவின் ஓடு அரை முதல் 4 மில்லிமீட்டர் வரையும் தடிப்புள்ளது. இவ்விரு அளவுகளும் ஒன்றன்மேல் ஒன்று சற்றே ஏறியிருப்பதால், தடிப்பை மாத்திரம் கண்டு வகையை நிச்சயித்தல் கூடாது. பழத்தைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால், டெனெராவில் ஓட்டைச் சுற்றிக் கரிய நார்ப் புள்ளிகள் வளையம்போல் அமைந்திருக்கும். டூராவில் அவ்வளையம் இராது. கூரிய அரிவாள் ஒன்று போதும். அங்கத்தினர் எவரும் தம் தோட்டத்திலேயே இச்சோதனையைச் செய்து பார்க்கலாம்.

டூராப் பழத்தின் எடையில் 100-க்கு 35 முதல் 65 வீதம் வரை சதையாக இருக்கும். டெனெராவில் அது 60 முதல் 95 வீதம் வரை செல்லும். சம எடையுள்ள குலைகளிலிருந்து டெனெரா, டூராவைக் காட்டிலும் 100-க்கு ஏறத்தாழ 30 வீதம் அதிகமான எண்ணெயைத் தருகிறது. ஓடே இல்லாத பிசிபெரா இன்னும் மேலானதாக இருக்க வேண்டுமென்று எவரும் எண்ணக்கூடும். ஆனால் அதன் பெண் பூக்கள் பெரும்பாலும் மலடு. குலை தோன்றும், பழுக்குமுன் அழுகிவிடும். மரம் மாத்திரம் மற்றவற்றைவிடச் செழிப்பாக ஓங்கி வளரும். காய்க்கும் செலவு அதற்கு இல்லையல்லவா?

நெடுங்காலம் இம்மூன்றின் உறவு விளங்காமலிருந்தது. டெனெராவை ஒரு தனி ஜாதியென்று கருதி, அதன் வித்தையே மேன்மேலும் விதைத்து அந்த ஜாதியைச் சுத்தப்படுத்த முயன்றவர்கள் பலர். எத்தனை முறை விதைத்தாலும் அது சுத்தமாகவில்லை. 1941-ஆம் வருஷத்தில் பெல்ஜியக் காங்கோவின் யங்கம்பி ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த பெய்ர்னார்ட், வாண்டர்வெய்யன் என்ற இருவர் இதன் காரணத்தைத் தெளிவாக எடுத்துக் காட்டினர். ஓட்டின் தடிப்பை ஆளுவது ஒரே ஒரு பரம்பரைக் கூறு; இக்காலத்தில் மரபணு என்று வழங்குவது அதுவே. ஒவ்வொரு மரத்திலும் அக்கூறு இரண்டு பங்காக இருக்கும். ஒரு பங்கு தாய் தந்தது. மற்றது தகப்பன் தந்தது. இரு பங்கும் 'தடித்த ஓடு' என்றிருந்தால் மரம் டூரா. இரு பங்கும் 'ஓடில்லை' என்றிருந்தால் பிசிபெரா. ஒன்று அதுவும் ஒன்று இதுவுமாக அமைந்தால் டெனெரா. ஆகவே டெனெரா என்பது தனி ஜாதியன்று. டூராவுக்கும் பிசிபெராவுக்கும் பிறந்த கலப்பு.

இதிலிருந்து கணக்கு எளிதாகக் கிடைக்கிறது. டூராவைத் தாயாகவும் பிசிபெராவைத் தகப்பனாகவும் கொண்டால், பிறக்கும் கன்றுகள் அனைத்தும் டெனெராவாகும். டெனெராவுடன் டெனெரா சேர்ந்தாலோ, சராசரியாக நாலில் ஒன்று டூரா, இரண்டு டெனெரா, ஒன்று பிசிபெரா. இக்காலத்துத் தோட்டங்களில் அக்கம்பக்கத்து மரங்கள் யாவும் டெனெராவாதலால், உதிர்ந்த பழத்திலிருந்து முளைத்த கன்று இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்ததே. முக்கோண முறையில் 9 மீட்டர் இடைவெளி விட்டு நட்டால் ஏக்கருக்கு 57 மரங்கள் கொள்ளும். உதிர்வித்துக் கன்றுகளாயின் அவற்றுள் சுமார் 29 டெனெரா, 14 டூரா, 14 பிசிபெரா. பதினான்கு மரங்கள் நின்ற இடத்திற்கு, மரத்தின் ஆயுள் முழுதும் வரவு இல்லை. எருவும் நீரும் மாத்திரம் செலவு. அன்றியும் அவை ஓங்கி வளர்ந்து அயல் மரங்களின் வெயிலையும் மறைக்கும்.

இங்கே ஒரு நுட்பம் கவனிக்க வேண்டியது. ஓடு தாய் மரத்தின் உடலைச் சேர்ந்தது. உள்ளே உறங்கும் முளையே அடுத்த தலைமுறை. எனவே ஒரு டெனெரா மரத்தின் பழங்கள் யாவும் மெல்லோட்டுடன் ஒன்றுபோலவே இருக்கும். அவற்றுள் எம்முளை டூரா, எம்முளை பிசிபெரா என்பதைப் பழத்தைக் கண்டு அறிய முடியாது. நாற்றைக் கண்டும் அறிய முடியாது. 'நல்ல பழமாகப் பொறுக்கி விதைத்தோம்' என்பவர் பொறுக்கியது தாயின் குணத்தை மாத்திரமே.

தென்னையிலும் இதற்கு ஒப்பான செய்தி உண்டு. அக்காலத்து மதராஸ் மாகாண விவசாய இலாகாவின் நீலேசுவரம் தென்னைப் பண்ணையில் 1930-களில் நெட்டை மரத்தையும் குட்டை மரத்தையும் சேர்த்துக் கலப்புத் தென்னை உண்டாக்கினர். அதன் முதல் தலைமுறை சிறந்திருந்தது. அதன் நெற்றுகளை முளைக்க வைத்தாலோ பலவகைக் கன்றுகள் கலந்து வரும். எனினும் தென்னையில் அவை ஏதோ ஒருவாறு காய்க்கும். எண்ணெய்ப் பனையில் நாலில் ஒன்று காய்ப்பதே இல்லை என்பதுதான் வித்தியாசம்.

காய்க்காத தகப்பனைத் தெரிந்தெடுக்கும் விதம்

பிசிபெரா மரம் பழம் தருவதில்லை; அதன் மகரந்தமோ நன்றாக உயிருள்ளது. ஆதலால் தகப்பனாக அதனை உபயோகிக்கலாம். ஆனால் எந்தப் பிசிபெரா நல்லது? குலையின் எடை, சதையின் வீதம், எண்ணெய் அளவு இவற்றில் ஒன்றையும் அதனிடத்தில் அளக்க வழியில்லை. இக்கஷ்டம் மாடு வளர்ப்போர்க்குப் புதியதன்று. பொலிகாளை பால் கறப்பதில்லை. அதன் கன்றுகளான பசுக்கள் கறக்கும் பாலைக் கொண்டே காளையின் தரம் நிச்சயிக்கப்படுகிறது. அவ்வாறே ஒவ்வொரு பிசிபெராவின் மகரந்தத்தையும் பல டூராத் தாய்களுக்கு இட்டு, பிறந்த டெனெராக்களை நட்டு, பல வருஷங்கள் குலை எண்ணி, எடை போட்டு, எண்ணெய் கண்டு, அதன் பின்னரே அத்தகப்பன் நல்லவன் என்று தீர்மானிக்கிறார்கள். ஒரு தலைமுறைக்கே பத்து வருஷங்களுக்கு மேல் செல்லும் வேலை இது. நல்ல முளைவித்தின் விலை ஏன் அதிகம் என்பதற்கு இதைவிட வேறு விளக்கம் வேண்டியதில்லை.

வித்துத் தோட்டத்தில் நடக்கும் காரியமும் எளிதன்று. தெரிந்தெடுத்த டூராத் தாயின் பெண் பாளையை, அது விரிவதற்குப் பல நாட்கள் முன்னரே உறையிட்டுக் கட்டிவிடுவர். வண்டும் காற்றும் வேறு மகரந்தத்தைக் கொண்டுவராமல் தடுப்பதற்காகவே இது. பூ விரிந்த நாளில் உறையிலுள்ள சிறு வாயில் வழியாகப் பிசிபெராவின் மகரந்தத்தை உள்ளே ஊதுவர். தாயின் எண், தகப்பனின் எண், தேதி ஆகியவற்றை எழுதிய சீட்டு அக்குலையைவிட்டுக் கடைசிவரை பிரிவதில்லை. ஐந்தாறு மாதங்களில் குலை பழுக்கும். வித்து எளிதில் முளைக்காது. ஏறத்தாழ 40 டிகிரி சென்டிகிரேடு வெப்பத்தில் இரண்டு மாதங்களுக்கு மேல் வைத்திருந்து, பின்னர் ஈரம் ஊட்டினால்தான் ஒருமுகமாக முளைவிடும். அந்த முளைவித்தே நாற்றுப் பண்ணைகளுக்கு அனுப்பப்படுகிறது.

உறையில் ஒரு துளை, சீட்டில் ஒரு பிழை நேர்ந்தாலும் கலப்பு கெடும். மலேசியாவின் சுயேச்சைத் தோட்டங்களையும் நாற்றுப் பண்ணைகளையும் சோதித்து 2016-இல் வெளியான ஓர் ஆய்வு, டெனெரா என்று நடப்பட்டவற்றில் 100-க்கு ஏறத்தாழ 11 வீதம் டெனெரா அல்ல என்று கண்டது. இத்தொழிலில் நீண்ட அனுபவமுடைய தேசத்திலேயே நிலைமை இதுவாயின், புதிதாகப் பயிரிடுவோர் இன்னும் எவ்வளவு ஜாக்கிரதையாக இருக்க வேண்டுமென்பது விளங்கும்.

நாலு மரங்களின் சந்ததி

1848-இல் ஜாவாத் தீவின் புய்டென்சோர்க் தாவரத் தோட்டத்தில் நாலு எண்ணெய்ப் பனைக் கன்றுகள் நடப்பட்டன. அவ்வூர் இப்போது போகோர் எனப்படுகிறது. அவற்றின் வித்துக்கள் சுமாத்திராவின் டெலிப் பிரதேசத்திற்குச் சென்று, புகையிலைத் தோட்டங்களில் அழகுக்காக வளர்க்கப்பட்டன. 1911-இல் ஹாலே என்ற பெல்ஜியர் சுமாத்திராவில் அவற்றை வியாபாரப் பயிராக்கினார். மலேயாவில் சிலாங்கூர் ராஜ்யத்தின் தென்னமரம் என்று வழங்கிய தோட்டத்தில் 1917-இல் ஃபோகோனியே என்ற பிரெஞ்சுக்காரர் அவ்வித்தையே நட்டார். சிலாங்கூரின் தோட்டங்களில் மண் வெட்டியவரும், களை எடுத்தவரும், குலை அறுத்தவரும் பெரும்பாலும் தமிழ்த் தொழிலாளரே. அந்நாலு மரங்களின் வம்சம் 'டெலி டூரா' என்று பெயர் பெற்றது. 1960-ஐ ஒட்டிய வருஷங்கள் வரை மலேயாவின் தோட்டங்கள் ஏறக்குறைய முழுவதும் இந்த ஒரே குடும்பத்தைச் சேர்ந்த டூரா மரங்களாகவே இருந்தன. பிறகே டெனெராக் கலப்புக்கு மாறின.

டெலி வம்சத்தில் மரத்திற்கு மரம் ஒற்றுமை மிகுதி, குலை பெரிது, டூராவாயினும் சதை நன்றாக இருக்கும். நாலே முன்னோர்களைக் கொண்ட வம்சத்தில் புதிய குணங்களுக்கு இடமில்லை என்பது அதன் குறை. ஒரே குடும்பத்திற்குள்ளேயே மேன்மேலும் தெரிந்தெடுத்துக்கொண்டு போனால் விருத்தி சில தலைமுறைகளில் நின்றுவிடும்.

இதற்குப் பரிகாரம் 1946-இல் தொடங்கிய ஒரு பரீட்சையில் கிடைத்தது. ஆப்பிரிக்காவிலும் மலேயாவிலும் இருந்த ஆராய்ச்சி நிலையங்கள் தத்தம் சிறந்த வித்துக்களை ஒன்றுக்கொன்று மாற்றிக்கொண்டு, சொந்த வம்சத்திற்குள் சேர்த்தும், அயல் வம்சத்துடன் சேர்த்தும் நட்டுப் பார்த்தன. டெலியுடன் ஆப்பிரிக்க மரங்கள் சேர்ந்த கலப்பு, இருபுறத்துச் சொந்தச் சேர்க்கைகளையும் மிஞ்சியது. காரணம் யாதெனில், டெலி மரம் சில குலைகளையே ஈனும், ஆனால் ஒவ்வொன்றும் பெரிது; ஐவரி கோஸ்டிலுள்ள லா மே முதலிய ஆப்பிரிக்க வம்சங்கள் பல குலைகளை ஈனும், ஆனால் ஒவ்வொன்றும் சிறிது. கணக்கு விளங்குவதற்காக மாத்திரம் எண்களை வைத்துப் பார்க்கலாம். ஒரு மரம் வருஷத்திற்கு 24 கிலோ எடையுள்ள 6 குலைகள் தந்தால் மொத்தம் 144 கிலோ. மற்றொன்று 6 கிலோ எடையுள்ள 24 குலைகள் தந்தாலும் அதே 144 கிலோ. இவ்விரண்டின் பிள்ளை இரு குணத்திலும் நடுத்தரமாகப் பிறந்து, 15 கிலோ எடையுள்ள 15 குலைகள் தந்தால், மொத்தம் 225 கிலோ. எந்தக் குணத்திலும் பெற்றோருள் சிறந்தவரை மிஞ்சாத பிள்ளை, விளைவில் இருவரையும் மிஞ்சிவிடுகிறது. கலப்பின் லாபம் மாயமன்று; வெவ்வேறு குறைகளை உடைய இருவரைச் சேர்ப்பதில் அது இருக்கிறது. ஒரே குறையுடைய இருவரைச் சேர்த்தால் அந்த லாபம் இல்லை. பல்வகை வம்சங்களைக் காப்பாற்றி வைக்க வேண்டுமென்று ஆராய்ச்சியாளர் வற்புறுத்துவது இதனாலேயே. 1973 முதல் மலேசியர் நைஜீரியாவின் காடுகளிலும் கிராமத் தோப்புகளிலும், பிற்பாடு ஆப்பிரிக்காவின் வேறு தேசங்களிலும் வித்துச் சேகரித்துத் தனிப் பண்ணைகளில் வளர்த்து வருகின்றனர். மெதுவாக உயரும் மரங்கள் அச்சேகரத்திலிருந்து கிடைத்தன.

உயரம் அற்ப விஷயமென்று எண்ணலாகாது. மரம் ஓங்க ஓங்க நீண்ட கழியில் கட்டிய அரிவாள் வேண்டும். அறுவடைக் கூலி ஏறும். கடைசியில் குலை எட்டாமற் போவதனாலேயே நல்ல மரத்தையும் வெட்ட நேரிடும். பழத்தின் நிறத்திலும் பேதமுண்டு. பெரும்பான்மையான மரங்களில் காய் கருமை கலந்த ஊதா நிறமாயிருந்து, பழுக்கும்போது செந்நிறம் ஏறும். சற்றுத் தூரத்திலிருந்து பழுத்ததென்று நிச்சயிப்பது கடினம். சில மரங்களில் காய் பச்சையாயிருந்து, பழுத்ததும் செம்மஞ்சளாக மாறும். கீழிருந்தே அறுவடைக்காரர் அறிந்துகொள்ளலாம். இந்நிறத்தையும் ஓட்டைப்போல ஒரே மரபணுவே ஆளுகிறது.

அமெரிக்கக் கண்டத்தில் எண்ணெய்ப் பனையின் சிற்றப்பன் பிள்ளை என்று சொல்லத்தக்க வேறோர் இனம் இருக்கிறது. அது மெதுவாக உயரும், எண்ணெய் குறைவு, அவ்வெண்ணெய் குளிரில் எளிதில் உறையாத வகையைச் சேர்ந்தது. கொலம்பியா தேசத்தின் தூமாகோப் பிரதேசத்தில் 2006-ஐ அடுத்த சில வருஷங்களில் குருத்தழுகல் நோய் பரவி, 30,000 ஹெக்டேருக்கு மேற்பட்ட ஆப்பிரிக்கப் பனையை அழித்தது. நட்டிருந்த மரங்கள் ஒரே இனத்தைச் சேர்ந்தவையாதலால் ஒன்றுக்கு வந்தது பெரும்பாலும் மற்றவற்றிற்கும் வந்தது. அப்பனையும் அமெரிக்கப் பனையும் சேர்ந்த கலப்பு அந்நோயைப் பெரிதும் தாங்கி நின்றமையால், அங்கே மறுபடி நட்டவர்கள் அதனையே நட்டனர். ஆனால் அக்கலப்பின் மகரந்தம் வலுவற்றது. மகரந்தம் சுமக்கும் வண்டுகளும் அதை அதிகம் நாடுவதில்லை. ஆகவே ஆள் வைத்துப் பாளைதோறும் மகரந்தம் தூவ வேண்டியதாயிற்று. நோயிலிருந்து தப்பிய லாபத்தில் ஒரு பகுதி கூலியாகச் செல்கிறது. எல்லா நற்குணங்களையும் ஒருங்கே உடைய மரம் இன்றுவரை எங்கும் இல்லை. அப்படி ஒன்று தம்மிடம் உண்டென்று சொல்லும் வியாபாரியைச் சந்தேகிப்பதே முறை.

நல்ல கலப்பிலும் பேதம்

டூராவும் பிசிபெராவும் முறைப்படி சேர்ந்து பிறந்த கன்றுகள் ஓட்டில் மாத்திரம் ஒன்று. மற்றக் குணங்களில் ஒன்றல்ல. குலையின் எண்ணிக்கை, எடை, உயரம், எண்ணெய் வீதம் முதலியவற்றைப் பல மரபணுக்கள் சேர்ந்து ஆளுகின்றன. பெற்றோர் சுத்தமான ஒரே வகையினர் அல்லர்; ஆதலால் ஒரு வயிற்றுப் பிள்ளைகளுக்குள் வேறுபாடு இருப்பதுபோலவே ஒரே குலையிலிருந்து வந்த கன்றுகளுக்குள்ளும் வேறுபாடு உண்டு. நாற்றுப் பண்ணையில் ஓராண்டு வளர்ப்பதற்குள், குறுகிய இலையுடையவை, மட்டை விரியாமல் நெட்டாக நிற்பவை, உச்சி தட்டையானவை, இலை பிரியாதவை, சுருங்கியவை ஆகியவற்றைக் கழித்துவிடுவர். நூற்றில் இருபது இருபத்தைந்து வரை கழிப்பது நல்ல பண்ணையின் வழக்கம். கழிவு அதிகமென்று பண்ணையைக் குறை கூறுவது தவறு. கழிவே இல்லாத பண்ணையைத்தான் ஐயுற வேண்டும். கழித்த நாற்றுக்கள் அரை விலைக்கு வெளியே போகின்றனவா என்பதும் சங்கத்தார் கண் வைக்க வேண்டிய விஷயம்.

சிறந்த மரத்தை அப்படியே பிரதி செய்யும் நோக்கத்துடன் திசு வளர்ப்பு முறையில் கன்றுகள் உண்டாக்க 1970-களில் தொடங்கினர். அடுத்த பத்தாண்டில் அக்கன்றுகளில் பல, காய்க்கும் பருவத்தில் விகாரமான பழங்களைத் தந்தன; குலைகள் உதிர்ந்தன. மரபணுவின் எழுத்து மாறாமல், அதன்மேல் இருந்த ஓர் இரசாயன அடையாளம் நீங்கியதே இதற்குக் காரணமென்று 2015-இல் கண்டனர்.

பிறவிக் குணத்தையும் வளர்ப்பின் பலனையும் பிரித்தறிவதில்தான் பலர் தவறுகின்றனர். ஒரு பாளை ஆணா, பெண்ணா என்பது அது வெளியே தோன்றி விரிவதற்கு ஏறத்தாழ இரண்டு வருஷங்களுக்கு முன்னரே மரத்தின் குருத்துக்குள் தீர்மானமாகிவிடுகிறது. அச்சமயம் வறட்சி நேர்ந்தால் ஆண் பாளைகள் மிகும். இரண்டு வருஷத்திற்கு முன் கோடையில் தண்ணீர் விடத் தவறியவர், இன்று நீர் நிறைந்த கிணற்றை அருகே வைத்துக்கொண்டு, வெற்று ஆண் பாளைகளைக் கண்டு, 'ரகம் மோசம்' என்கிறார். இதனால்தான் ஆராய்ச்சி நிலையங்களில் ஒரு மரத்தின் தரத்தைக் குறைந்தது நான்கு வருஷக் கணக்கைக் கொண்டே நிச்சயிப்பர். ஒரு வருஷத்து விளைவைக் கண்டு அயலான் தோட்டத்து ரகத்தைப் புகழ்வதும் இகழ்வதும் இரண்டுமே அவசரம்.

சங்கங்கள் செய்யத்தக்கவை

தனி ஒருவர் இருநூறு முந்நூறு கன்று வாங்கும்போது, அதன் பிறப்பைப் பற்றி விசாரிக்க அவருக்கு வசதியுமில்லை, அவர் கேட்டால் பதில் சொல்வாருமில்லை. சங்கம் அங்கத்தினர்களின் தேவையை ஒன்றுசேர்த்துக் கேட்டால் நிலைமை வேறு. நாற்று வளர ஓராண்டு ஆவதால், நடுவதற்கு ஒரு வருஷத்திற்கு மேல் முந்தியே தேவையைத் தெரிவிக்க வேண்டும். 2021-இல் இந்திய சர்க்கார் எண்ணெய்ப் பனைக்கெனத் தனித் திட்டம் வகுத்த பின், கன்றுகளின் தேவை மிகுந்தது. ஆந்திரத்தின் பெதவேகியிலுள்ள ஆராய்ச்சி நிலையத்தின் வித்தும், வெளிநாட்டு முளைவித்தும் இந்நாட்டில் உபயோகிக்கப்படுகின்றன. எங்கிருந்து வந்தாலும், தாய் டூரா, தகப்பன் பிசிபெரா என்பதும், வித்துத் தோட்டத்தின் பெயரும், தொகுதி எண்ணும் எழுத்தில் கிடைக்க வேண்டும். வாய்ப்பேச்சு போதாது. ஒரு தொகுதிக் கன்றுகள் எந்த அங்கத்தினரின் எந்தப் புலத்தில் நடப்பட்டன என்பதைச் சங்கத்தின் புத்தகத்தில் பதிந்து, புலத்தின் படமும் வரைந்து வைத்தல் நலம். ஒருவர் குறைந்த வித்தை நடுவது அவர் சொந்த விஷயமென்றும் விட்டுவிட முடியாது. எல்லோர் குலையும் ஒரே ஆலைக்குச் செல்லும்போது, எண்ணெய் வீதம் குறைந்தால் விலை பேசுமிடத்தில் அது அனைவர் தலையிலும் விழும்.

முதல் அறுவடை வந்ததும் மரந்தோறும் ஒரு பழத்தை வெட்டிப் பார்த்து, வளையம் இல்லாதவற்றைப் படத்தில் குறிக்க வேண்டும். ஓங்கி வளர்ந்து, பெண் பாளை பல விட்டும் குலை அழுகிக்கொண்டே இருக்கும் மரம் பிசிபெராவாக இருக்கலாம். இளமரங்களில் மகரந்தக் குறைவாலும் குலை அழுகுவதுண்டு. ஆதலால் ஒரு குலையைக் கண்டு முடிவு செய்யாமல் ஒரு வருஷமாவது பார்த்திருப்பது நன்று. நிச்சயமானவுடன் அம்மரத்தை நீக்கிவிட்டால் அயல் மரங்களுக்கு வெயில் கிடைக்கும். அவ்விடத்தில் புதுக் கன்று நடுவது சுற்றிலும் நிழல் ஏறுமுன் பலிக்கும், பின்னர் பலிக்காது. ஓட்டை ஆளும் மரபணு 2013-இல் கண்டுபிடிக்கப்பட்ட பிறகு, நாற்றுப் பருவத்திலேயே இலைத்துண்டைச் சோதித்து மூவகையையும் அறியும் முறையும் ஏற்பட்டிருக்கிறது. பெருந்தொகையாக வாங்கும் சங்கம், கன்றுகளில் சிலவற்றையேனும் இவ்வாறு சோதிக்கும்படி கேட்கலாம்.

கடைசியாக, குறைகூற நேர்ந்தால் உதவக்கூடிய ஒரு குறிப்பு. டூராவைத் தாயாக உடைய வித்தில் எந்த மகரந்தம் தவறிப் புகுந்தாலும் பிசிபெரா பிறக்காது. தாய் தரும் பங்கு எப்போதும் தடித்த ஓடேயாகும். சில டூராக்கள் கலந்திருந்தால் உறையிட்டதில் அசிரத்தை என்று கொள்ளலாம். பிசிபெராக்கள் பலவாகக் கலந்திருந்தாலோ, அது டூராத் தாயின் வித்தே அன்று, டெனெரா மரத்தடியில் பொறுக்கியது என்பதற்கு அதுவே சான்று. இது நட்ட நான்காம் வருஷத்தில்தான் வெளிப்படும். ஆகவே வித்துத் தோட்டத்தின் தொகுதிச் சீட்டையும் பணம் கட்டிய ரசீதையும் அதுவரை சங்கத்தின் பெட்டியில் பத்திரமாக வைத்திருக்க வேண்டும்.